பயிற்சிக்கு வந்த டாக்டர்

தையல்காரருக்கு மறுநாள் குடலிறக்க ஆபரேஷன். வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் டாக்டர்தான் செய்யப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் தையல்காரரின் மனைவி நேரே நர்ஸிடம் போனாள்.

"அவ்வளவு பெரிய நாட்டுல நோயாளியே இல்லையா? கத்தி பிடிச்சுப் பழக என் வீட்டுக்காரர்தான் கெடச்சாரா?" என்று கேட்டாள்.

"மெதுவா பேசுங்கக்கா, அவர் இங்கதான் நிக்கிறார்."

"நல்லதாப் போச்சு. அவங்க ஊர்ல இதைத் தனியா செய்ய விடுவாங்களான்னு அவர்கிட்டயே கேளும்மா."

நர்ஸ் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் கேட்டாள். டாக்டரின் காதுமடல் சிவந்தது.

"விடமாட்டாங்களாம். பெரிய டாக்டர் பக்கத்துல நிக்கணுமாம்."

"அப்போ இங்கயும் நிக்கட்டும்."

தையல்காரர் கட்டிலில் படுத்தபடி சமாதானம் பேசினார். "விடுடி, நானும் முதல் சட்டையை யாரோ ஒருத்தர் துணியிலதானே தச்சேன்."

"அதுல ஒரு கை நீளம்னு நீங்கதானே சொன்னீங்க?"

மறுநாள் பெரிய டாக்டர் வெளிநோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தார். இளம் டாக்டரே போய்க் கேட்டு அழைத்துவந்ததாக நர்ஸ் சொன்னாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் வீடு திரும்பும்வரை, அந்த டாக்டர் சிரித்தபடி வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவள் எழுந்து, அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.