‘ம்’ வராத சொல்

அகராதிக்கு மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அச்சான தாளை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் கைப்பிரதியைப் பார்த்து ‘ம்’ கொட்டுவார். ‘ம்’ வராமல் அடுத்த சொல்லுக்குப் போகக் கூடாது. எங்கள் வீட்டில் வாசிப்பது நான், ‘ம்’ கொட்டுவது என் கணவர். நாங்கள் குடும்பம் நடத்தியதே இப்படித்தான் என்று மகள் கிண்டல் செய்வாள்.

அவர் போனதிலிருந்து வேலை ‘அனான்’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே நிற்கிறது. அரதப்பழசான வினையடை. ஆதியில் அதற்கு ‘ஒரே மூச்சில், இந்தக் கணமே’ என்று பொருள். அந்த நாளில் யாரைக் கூப்பிட்டாலும் ‘அனான்’ என்பார்கள். சொன்னார்களே தவிர எழுந்து வந்தார்களா? தலைமுறை தலைமுறையாக இப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்ததில், அதன் பொருள் ‘சற்று நேரத்தில்’ என்று தேய்ந்துவிட்டது. சோம்பேறிகள் சேர்ந்து ஒரு நல்ல சொல்லைக் கெடுத்த கதை இது.

என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டம்தான். சாப்பிடக் கூப்பிட்டால் பின்னறையிலிருந்து “இதோ வந்துட்டேன்” என்பார். வருவதற்குள் எல்லாம் ஆறி அவலாகியிருக்கும்.

அவர் போன அன்றைக்கும் இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். “இதோ வந்துட்டேன்” என்றார். வரவில்லை. வந்து பார்த்த டாக்டர், காலையிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி தூக்கத்தில் உயிர் பிரிந்திருக்கிறது என்றார். நான் கூப்பிட்டது மத்தியானம். அப்படியானால் பதில் சொன்னது யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் இந்தச் சொல்லை வாசித்தால் அதே குரல் அதே பதிலைச் சொல்கிறது. போய்ப் பார்த்தால் நாற்காலியும் மூக்குக்கண்ணாடியும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. குரல் வருவதால் இல்லை, ஒருநாள் நின்றுவிடுமோ என்று.

இன்று வீட்டைக் காலி செய்கிறோம். மகள் என்னைத் தன்னோடு கூட்டிப்போக வந்திருக்கிறாள். பெட்டிகள் வண்டியில் ஏறிவிட்டன. அவர் நாற்காலியை மட்டும் நான் எடுக்க விடவில்லை.

“எழுந்திரும்மா.”

“அப்பா வரேன்னு சொல்லியிருக்காரு. எப்படி விட்டுட்டு வர்றது?”

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நேத்து நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டும் உன் குரல்தாம்மா. நீயே கூப்பிடுற, நீயே பதில் சொல்ற.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கடைசியா ஒரு தடவை வாசிக்கிறேன். ‘ம்’ வந்தா கிளம்புறேன். வரலைன்னா என்னை விட்டுடு.”

அவள் எழுந்து அறையை விட்டுப் போனாள். நான் வாசித்தேன். பதில் இல்லை.

அப்புறம் பின்னறையிலிருந்து மெல்ல, “ம்.”

மகள்தான். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னது தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? அவளுக்காகத் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசலில் என்னை நிறுத்திவிட்டு அவள் கதவைச் சாத்திப் பூட்டில் சாவியை நுழைத்தாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடி கூடத்தைத் தாண்டி, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

“வந்துட்டேன்.”

நான் வாயைத் திறக்கவேயில்லை. சாவியைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“அம்மா... உனக்குக் கேட்டுச்சா?”

“ம்” என்றேன்.