சித்திக்கு இடமில்லாத கார்

தாலி ஏறிய கையோடு லோதி ரோட்டுச் சர்ச்சை விட்டு வெளியே வந்த லிடியாவின் முன்னால், மாப்பிள்ளை பென்சன் மாதக்கணக்காகப் பேசிப் பேசி மாய்ந்த கார் நின்றிருந்தது. அறுபத்தேழாம் வருஷத்து ஜாகுவார் ஈ-டைப். ரத்தச் சிவப்பு நிறம், மேலே கூரை கிடையாது, முன்பக்கம் மட்டும் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போனது. பென்சனின் முதலாளி மெஹ்ரா அதை ஒரே ஒரு காலைக்கு இரவல் கொடுத்திருந்தார். “உலகத்திலேயே இவ்ளோ அழகு எதுவும் கிடையாது” என்று நிச்சயதார்த்தத்தன்று பென்சன் அவளிடம் சொன்னான். அவளைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். காரைப் பற்றிச் சொன்னான். லிடியா அதை மறக்காமல் வைத்திருந்தாள்.

மரியா சித்தி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கல்யாணக் காரில் பெண் வீட்டிலிருந்து ஒருத்தர் கூடவே ஏறித்தான் ஆக வேண்டும். அது சொந்த ஊரான நாசரேத்தின் வழக்கம். டெல்லிக்கு வந்து பாதி ஆயுள் போன பிறகும் சித்தி அதை விட்டுக்கொடுத்ததில்லை.

“ஏட்டி, நான் எங்கன உக்காரட்டும்?”

“இது ஸ்போர்ட்ஸ் கார், சித்தி. ரெண்டு பேருக்குத்தான் இடம்” என்றான் பென்சன் பெருமையாக.

“எஞ்சினுக்கு இம்புட்டு இடம் விட்டிருக்கான், ஒரு மனுஷிக்கு விடலயா?”

பென்சன் சிரித்து வைத்தான். சித்தி முணுமுணுத்தபடி பின்னால் நின்ற வேனைப் பார்த்து நடந்தாள்.

லிடியாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நீடிக்கவில்லை. கார்ப் பேச்சை எடுத்தாலே இந்த ஒரு வாரமாக அவள் வேறு பேச்சுக்குத் தாவினாள். அவளிடம் ஒரு பழைய ஆல்டோ இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. பனிமூட்டமோ மழையோ, ஏழு மணி டூட்டிக்கு அதில்தான் போவாள். “இனிமே நீ எதுக்கு இந்த டிராஃபிக்ல கஷ்டப்படணும்? நான் இருக்கேன்ல, டெய்லி நானே டிராப் பண்றேன்” என்று பென்சன் சொல்லிவிட்டான். அவன் அன்பாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. அதட்டிச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அன்பாகச் சொன்னவனை என்ன கேட்பது? சரி என்றாள். திங்கட்கிழமை ஆல்டோவை விலைக்கு எடுத்துக்கொண்டு போக ஓர் ஆள் வருவதாக இருந்தது.

இருவரும் காரில் ஏறினார்கள். ஏறினார்கள் என்பதை விட இறங்கினார்கள் என்று சொல்லலாம். இருக்கை அவ்வளவு பள்ளத்தில் இருந்தது. பென்சன் சாவியைத் திருப்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினான். டக் என்றது. மறுபடி அழுத்தினான். அந்த டக் கூட இல்லை.

கார் மேல் ஒரு குற்றமும் இல்லை. காலையில் போட்டோகிராபர் கேட்டான் என்று முன்விளக்குகளைப் போட்டுவிட்டுச் சர்ச்சுக்குள் போன மாப்பிள்ளை, அணைக்க மறந்துவிட்டான். பாதிரியாரோ பிரசங்கத்தைச் சுருக்குகிறவர் இல்லை. பேட்டரி காலி.

“அரே யார், தள்ளுங்கப்பா” என்றான் பென்சன். பாடகர் குழுப் பையன்கள் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார்கள். லிடியாவின் அப்பா எலியேசரும் கை வைத்தார். அவரை நெஞ்சு வலிக்காரர் என்று சித்தி விரட்டிவிட்டுத் தானே நின்று தள்ளினாள். கார் நகர்ந்தது, ஒரு குலுக்குக் குலுக்கியது, நின்றது. மறுபடியும் அதே கதை. வருஷக்கணக்காக கியர் மாற்றும் வேலையே இல்லாத ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவன் பென்சன். மெஹ்ராவின் பண்ணை வீட்டில் நாலைந்து சாயங்காலம் பழகியிருந்தான், அவ்வளவுதான். கிளட்ச்சை எப்போது விடுவது என்று அவன் காலுக்குத் தெரியவில்லை.

லிடியாவின் காலுக்குத் தெரிந்திருந்தது. டெல்லிக் குளிரில் ஆல்டோவின் பேட்டரி செத்துப் போகாத ஜனவரி கிடையாது. வாட்ச்மேன் பையாவைத் தள்ளச் சொல்லி எத்தனையோ விடியற்காலைகளில் அவள் வண்டியை எழுப்பியிருக்கிறாள். இப்போது சொல்லலாமா? கல்யாணப் பெண், தலையில் வலை முக்காடு, கையில் பூச்செண்டு, சுற்றிலும் இரண்டு குடும்பம். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதை. இன்றைக்கு மூடினால் பிறகு எப்போது திறப்பது என்று நினைத்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது.

“நீங்க இறங்கித் தள்ளுங்க” என்றாள். “நான் கிளட்ச்ச விடுதேன்.”

பென்சன் அவளைப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப் போயிருந்தது. பிறகு இறங்கிப் பின்னால் போனான்.

லிடியா செருப்பைக் கழற்றி எறிந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டாவது கியர். கார் ஓரளவு வேகம் பிடிக்கும்வரை பொறுத்திருந்து கிளட்ச்சை விட்டாள். உறங்கிக்கொண்டிருந்த எஞ்சின் தொண்டையைச் செருமியது, இருமியது, பிறகு சர்ச் மணி மறந்து போகும்படி சத்தம் போட்டது.

எதிரே கோல் சக்கர் என்கிற ரவுண்டானா. அதில் திரும்பினாள்.

ஆல்டோவில் அவள் ரோட்டுக்கு மேலே உட்கார்ந்து போவாள். இதில் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்த பஸ்ஸின் சக்கரம் அவள் தோள் உயரத்துக்கு இருந்தது. மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் உத்தேசமாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. எஞ்சின் சூடு பாதத்தில் ஏறியது. மெல்லிய மர ஸ்டியரிங்கின் வழியாக ரோட்டில் கிடந்த சிறு கல்கூட உள்ளங்கைக்கு வந்து தன்னைச் சொல்லிவிட்டுப் போனது. பிரேக்குக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட வேண்டியிருந்தது. ஆனால் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டாலே போதும், கேட்டதற்கு மேலேயே கொடுத்தது. வலை முக்காடு பின்னால் பறந்தது. அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

“ஏட்டி, மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போட்டி” என்று சித்தி கத்தியது முதல் சுற்றில் கேட்டது. இரண்டாவது சுற்றில் கோட்டும் டையுமாகப் பென்சன் பக்கத்தில் ஓடி வந்தான். மூன்றாவது சுற்றில் அவள் வேகத்தைக் குறைக்க, அவன் கதவைத் திறந்து தொப்பென்று உள்ளே விழுந்தான்.

வரவேற்பு மண்டபம் புசா ரோட்டுப் பக்கம். ஜன்பத் தாண்டும் வரை பென்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்கினான். கோபம்தான் போலிருக்கிறது என்று லிடியா நினைத்தாள். ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி நின்றாள். எஞ்சின் அணையவில்லை. சுற்றிலும் நின்ற பைக்குகளில் இருந்தவர்கள் எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

பென்சன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ சர்ச் வாசல்லயும் எஞ்சின் அணையாம இப்படி நின்னிருக்கலாம்ல?”

“நின்னிருக்கலாம்.”

“அப்புறம் எதுக்கு மூணு ரவுண்டு? நான் நாய் மாதிரி பின்னாலயே ஓடி வர்றேன்.”

“முதல் ரவுண்டு பேட்டரிக்கு” என்றாள் லிடியா. “மத்த ரெண்டும் எனக்கு.”

பச்சை விழுந்தது. சங்கர் ரோட்டில், ரிட்ஜ் காட்டுக்கு நடுவே, ரோடு கொஞ்சம் காலியாகக் கிடைத்தது. அவள் நாலாவது கியருக்குப் போனாள். அவன் ஒரு கையால் டாஷ்போர்டையும் மறு கையால் பூச்செண்டையும் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மண்டபத்து வாசலில் எஞ்சினை அணைத்தபோது வேனும் வந்து நின்றது. சித்தி கலைந்த கொண்டையோடு இறங்கினாள்.

“அழகுதான், யாரு இல்லன்னா” என்றாள். “ஆனா ஒன்ட்ட ஆல்டோ இருக்குல்லா, அதுல வந்திருந்தா எனக்கும் ஒரு இடம் இருந்திருக்கும். அதையும் விக்கப் போறீய.”

லிடியா குனிந்து செருப்பைத் தேடினாள். அது லோதி ரோட்டில் கிடந்தது.

“அத விக்கல, சித்தி” என்றான் பென்சன், சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாக. “நாளைக்கு உங்க வீட்டு விருந்துக்கு அதுலதான் வர்றோம். லிடியா ஓட்டுவா. நீங்க முன்னால உக்காருங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன்.”

லிடியா ஜாகுவாரின் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். இனி அது அவளுக்குத் தேவைப்படவில்லை.