பகலிலேயே முடித்துவிட வேண்டும்

அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் பேசுவதெல்லாம் முற்பகலில்தான். அப்பாவுக்கும் தம்பிக்கும் அந்தி சாய்ந்தால் கண் தெரியாது. பரம்பரை நோய், மருந்து கிடையாது, ஒருவரை விட்டு ஒருவரைப் பிடிக்கும். அக்காளின் திருமணமும் பகல் வெளிச்சத்தில் பேசி முடிக்கப்பட்டதே. அவள் கண்ணில் குறையில்லை. ஆகவே சொல்ல வேண்டியதில்லை என்று வீட்டார் தீர்மானித்தார்கள். இப்போது அவள் மகள் மாலையானால் கதவில் முட்டிக்கொள்கிறாள். சத்துக்குறைவு என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். அவரும் நம்பி, நாள் தவறாமல் கீரை வாங்கிவந்தார்.

தையற்கடையில் துணி வெட்டும் தம்பி, தனக்குப் பெண் பார்க்கப் போகும் இம்முறை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றான். அவன் சொன்னால் போட்டு உடைப்பான் என்று வாதாடி, பெண்ணிடம் தனியாகச் சொல்லும் பொறுப்பை அக்காள் ஏற்றாள்.

வழியில் வண்டி பழுதானது. பெண் வீட்டின் மூன்றாம் மாடியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கூடத்து விளக்கு மங்கல். பெண் நீட்டிய டீக்கு ஒரு சாண் தள்ளி நீண்டது தம்பியின் கை.

“மாப்ள டீயைப் பாக்கவே வெக்கப்படுறாரே” என்றார் பெண்ணின் தந்தை. எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அடுக்களையில் அக்காளிடம் மெல்லக் கேட்டாள்:

“அக்கா, அவருக்குக் கண்ணுல ஏதாவது...?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கூச்ச சுபாவம்.”

அந்தச் சொற்கள் அத்தனை வழுக்கிக்கொண்டு வந்ததில் அவளுக்கே உடல் கூசியது.

விடைபெறும்போது, உடன் வந்திருந்த அக்காளின் கணவர் முன்னால் இறங்கிப் போனார். படிக்கட்டில் விளக்கில்லை. கைப்பிடியைத் தடவியபடி இறங்கிய தம்பி பாதியில் நின்றான்.

“சொல்லிட்டியாக்கா?”

“ம்.”

வழியனுப்ப வந்து மேற்படியில் நின்ற பெண்ணின் குரல் கேட்டது. “இல்லீங்க. கூச்சம்னாங்க.”

தம்பி குரல் வந்த திசைக்குத் திரும்பி, அங்கேயே நின்று, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னான். தன் பார்வை இன்னும் சுருங்கும் என்பதையும் சொன்னான். குழந்தைகளுக்கு வருமா என்று அவள் கேட்டாள்.

“வரலாங்க. அக்கா பொண்ணுக்கு வந்திருக்கு.”

கீழே செருப்பொலி நின்றது. அக்காளுக்கு நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?” கணவரின் குரல் உயரவில்லை.

இதற்கும் ஒரு பொய் அவள் நாவில் ஆயத்தமாக இருந்தது. மேலே ஒருத்தி காத்திருந்தாள்.

“நீங்க என்னைப் பாக்க வந்தப்பவே” என்றாள்.