கட்டைவிரல் சொன்ன பதில்

வாய் நன்றாக இருந்த காலத்திலேயே ரெங்கசாமி கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன மனிதரில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் மழை வரும்போல இருக்கு என்பார். அப்படிப்பட்டவர், பக்கவாதம் வந்து பேச்சுப் போய் வலப்பக்கம் மரத்துக் கிடந்தபிறகு, எதைக் கேட்டாலும் உடனுக்குடன் பதில் சொல்கிறார் என்று அவர் மனைவி நல்லம்மாள் சொன்னால் வார்டில் யார் நம்புவார்கள்?

பதில் கட்டைவிரலில் வந்தது. அவருடைய வலது கையை எடுத்து, தன் கட்டைவிரலை அவர் கட்டைவிரலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?" என்பாள். கொஞ்சம் பொறுத்து லேசாக ஓர் அழுத்தம் வரும். நர்ஸ் தொட்டுப் பார்த்தால் வராது. "பொண்டாட்டிக்கு மட்டும்தான் பதில் சொல்வாரு போல லா" என்று நர்ஸ் அந்த ஊர் இழுவையில் கேலி செய்தாள். நல்லம்மாளுக்கு அதில் பெருமைதான். இடது கை நன்றாகவே அசைந்தது. ஆனால் அது போர்வையை இழுப்பதும் மூக்குக் குழாயைப் பிடுங்குவதுமாகத் தன் போக்கில் இருந்தது. யார் சொன்னதையும் கேட்கவில்லை. கண்கள் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தன. ஆக அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு விரல்தான்.

அந்த விரலிடம் அவள் கேட்ட பெரிய கேள்வி சந்திரகலாவைப் பற்றியது. ஒரே மகள். கூட வேலை பார்த்த சீனப் பையனைக் கட்டிக்கொண்டு கிள்ளான் பட்டணத்துக்குப் போய்விட்டாள். அவர்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி "எனக்குப் பிள்ளையே இல்ல" என்று கத்திய ரெங்கசாமி, அதற்குப்பிறகு மகள் பேரை வீட்டில் எடுக்கவும் விடவில்லை. அவர் பிடிவாதம் அப்படி. இப்போது படுக்கையில் விழுந்தவரிடம் நல்லம்மாள் பயந்து பயந்துதான் கேட்டாள். "கலா வந்து பாக்கட்டுமாங்க? அவ மேல உள்ள கோவம் போயிருச்சா?"

விரல் அழுத்தியது. நல்லம்மாள் கேன்டீன் ஓரத்து டெலிபோனுக்கு ஓடினாள். "அப்பா உன்னைய மன்னிச்சிட்டாரும்மா. வந்து பாரு" என்று சொல்லி அழுதாள். அந்தப் பக்கம் மகளும் அழுதாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருவதாகச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் டாக்டர் கார்த்திகேசு ரெங்கசாமியைக் கீழ்த்தளத்து அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். லண்டனில் படித்துவிட்டு வந்தவர். அவருக்குப் பின்னாலேயே கப்பலில் அந்தப் புது மெஷினும் வந்திருந்தது. கனமான கறுப்பு வளையம் ஒன்று, தடித்த வயர் ஒன்று, பக்கத்தில் பச்சைக் கோடு ஓடும் திரை.

"பயப்படாதேங்கோ அம்மா. இது காந்தம். தலைக்கு மேலே பிடிச்சு ஒரு தட்டுத் தட்டினா மூளையிலேயிருந்து கைக்குச் செய்தி போகும், பெருவிரல் துடிக்கும். ஆகக் குறைஞ்சது எவ்வளவு சக்தியிலே துடிக்குது எண்டு அளந்தா, வழி எப்படியிருக்கு எண்டு விளங்கும்."

இரண்டு கைக் கட்டைவிரல் அடியிலும் துடிப்பைப் பிடிக்கும் ஒட்டுகளை ஒட்டி, வயரைத் திரைக்குக் கொடுத்தார். முதலில் நல்ல கையான இடது கை. வளையம் டக் என்றது. ஒன்றுமில்லை. கொஞ்சம் கூட்டினார். டக். இன்னும் கூட்டினார். விரல் சட்டென்று துள்ளியது. திரையில் கோடு எகிறியது. பிறகு குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து, விரல் துடிப்பதும் துடிக்காததுமாக நிற்கும் இடத்தைப் பிடித்தார். ரெங்கசாமி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வலது. கை ஆறுதலா இருக்கவேணும், அதுதான் முக்கியம். கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு டாக்டர் மெஷின் பக்கம் குனிந்தார்.

வந்தது வினை. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், இறுக்கமில்லாமல் என்று அர்த்தம். நல்லம்மாள் பக்கத்துப் பேச்சில் அது துக்கப்பட்டவர்களுக்குச் சொல்வது. டாக்டரே கைக்கு ஆறுதல் வேண்டும் என்கிறாரே என்று, அவள் புருஷன் கையை எடுத்து வழக்கம்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டக். டக். டாக்டர் கூட்டிக்கொண்டே போனார்.

"அழுத்துறாரு டாக்டர்" என்றாள் நல்லம்மாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் பிடித்திருந்த கையையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். கோபப்படவில்லை. "எப்ப அழுத்தினவர்?"

"இப்பத்தான். நான் எது கேட்டாலும் அழுத்துவாரு. வேணும்னா கேட்டுக் காட்டவா?"

"கேளுங்கோ. திரையைப் பாத்துக்கொண்டு கேளுங்கோ."

அவள் கேட்டாள். "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?" அழுத்தம் வந்தது. சத்தியமாக வந்தது. திரையில் பச்சைக் கோடு தூக்கவேயில்லை. மறுபடி கேட்டாள். விரலில் வந்தது, திரையில் வரவில்லை. டாக்டர் அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு, மெஷினைக் கடைசி அளவுவரை வைத்துத் தட்டினார். கோடு கிடந்தபடியே கிடந்தது.

"அம்மா, உங்கட பெருவிரலிலேயும் நாடி ஓடுது. அதனாலேதான் நாங்கள் பெருவிரலாலே நாடி பிடிக்கிறேல்லை. இறுக்கிப் பிடிச்சா எங்கட நாடியே எங்களுக்கு அடிக்கும்." கட்டில் கம்பியைக் காட்டினார். "இதைப் பிடிச்சுப் பாருங்கோ."

நல்லம்மாள் கம்பியில் விரலை வைத்து இறுக்கினாள். கொஞ்சம் பொறுத்துக் கம்பி அவளை லேசாக அழுத்தியது.

அவள் வெகுநேரம் கம்பியை விடவில்லை. "அப்ப அவருக்கு என்னைத் தெரியாதா டாக்டர்?"

"அதை இந்த மெஷின் சொல்லாது அம்மா. கைக்கு வழி இல்லை எண்டு மட்டும்தான் சொல்லும்."

நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் நல்லம்மாளுக்குக் கேட்டது வேறு. இத்தனை நாளும் தானே கேட்டுத் தானே பதில் சொல்லியிருக்கிறோம். மகளை மன்னித்தது அவரில்லை. டெலிபோனுக்கு ஓடிப்போய் வராதே என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். போகவில்லை.

சாயங்காலம் சந்திரகலா வந்தாள். இளைத்திருந்தாள். அப்பாவின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள். கிட்டப் போக அவளுக்கு இன்னும் பயம். "அப்பா, நான் கலா வந்திருக்கேன்." ரெங்கசாமியின் கண் சுவரில் இருந்தது.

"என்னம்மா, என்னைப் பாக்கவே மாட்டேங்கிறாரு? நிஜமாவே கோவம் போயிருச்சா?"

சொல்லிவிடத்தான் நல்லம்மாள் வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்பா கத்திய அன்று வாசலில் நின்ற அதே முகம்.

"கையைப் பிடிச்சுக் கேளு. வாயால முடியாது. கட்டைவிரல்லதான் சொல்வாரு."

சந்திரகலா கட்டிலோரம் உட்கார்ந்து, அப்பாவின் வலது கையைக் கண்ணாடியைத் தொடுவதுபோலத் தொட்டாள். கிசுகிசுப்பாக ஏதோ கேட்டாள். காத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, "எனக்கு ஒன்னும் தெரியலையேம்மா" என்றாள். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"அப்படிப் பிடிச்சா தெரியாது. உன் விரலை அவர் விரல் மேல வை. ம்... நல்லா இறுக்கு. இன்னும் இறுக்கிப் பிடிம்மா."

சந்திரகலா இறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் உடைந்தது. "அம்மா, அழுத்துறாரும்மா. விட்டு விட்டு அழுத்துறாரு."

"ஆமா. உன்கிட்டதான் சொல்றாரு."

மகள் அப்பாவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நல்லம்மாள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அப்பா கிடைத்துவிட்டார். நான் யாருன்னு தெரியுதா என்று கேட்க நல்லம்மாளுக்குத்தான் இனி யாருமில்லை.