நீலத் தொட்டி

கானாவின் அக்ரா நகரில், கென்கே என்னும் புளித்த சோள மாவு உருண்டை விற்கும் கோர்க்கோரின் வாசலில் நின்றுகொண்டு நகராட்சி அதிகாரி எகிறிக் குதித்தார். குப்பை போடக் கொடுத்த நீலத் தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிறைந்திருந்தது. தெரு முழுக்க அதே கதைதான்.

"ஏம்மா, குப்பைத் தொட்டியில தண்ணி பிடிச்சு வைக்கிறியே, வெட்கமா இல்ல? கவுத்துக் கொட்டு!"

கோர்க்கோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதாமாதம் குப்பைக் கட்டணத்தைத் தவறாமல் வாங்கிப்போன மனிதர் இவரேதான்.

"தொட்டி வந்து நாலு மாசம் ஆச்சு சார். உங்க லாரி ஒரு நாளாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச்சா? குழாயில வாரத்துல ஒரு நாள்தான் தண்ணி; மத்த நாள் திறந்தா வெறும் காத்துதான் வருது."

அவர் தொட்டியைச் சாய்க்கக் கை வைத்தார். கோர்க்கோர் குறுக்கே பாய்ந்தாள்.

"தொடாதீங்க! நகராட்சி கொடுத்ததுல உருப்படியா வேலை செய்யறது இந்தத் தொட்டி ஒண்ணுதான். இதையும் கெடுத்துடாதீங்க!"