தோட்டத்தில் நடந்த ஒன்பதாம் வகுப்பு

சூரிய மின்கலத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து முடித்து, ராமாமணி டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து புவனா எழுந்தாள்.

"டீச்சர், இந்தத் தகடு எங்கம்மா வேலைக்குப் போற தோட்டத்துல ரெண்டு இருக்குதுங்க. மோட்டார் ரூம் மேல. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு எழுதியிருக்குதுங்க."

வகுப்பு சிரித்தது. ராமாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. புவனாவின் அம்மா சின்னத்தாயி வேலை செய்வது பள்ளியின் தாளாளர் தம்பிதுரையின் தோட்டத்தில்.

அன்னூருக்கு வடக்கே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்த அந்தப் பள்ளியில் ராமாமணி பதினோரு வருடமாக அறிவியல் நடத்துகிறாள். தினமும் காந்திபுரத்தில் ஒரு பஸ், அன்னூரில் இன்னொரு பஸ். பள்ளிக்கு வந்தால் பாதி நாள் கரண்ட் இருக்காது. செய்து காட்ட வேண்டிய சோதனைகளை வாயாலேயே சொல்லி முடித்து அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. தொண்ணூற்றாறில், அரசாங்கத் திட்டமொன்றில் பள்ளிக்குச் சூரிய மின் தகடுகள் வருகின்றன என்றார்கள். ஒரு வருடம் போய்விட்டது. கேட்கும்போதெல்லாம் "வரும் டீச்சர், வரும்" என்பார் தலைமையாசிரியர் அப்புசாமி.

இடைவேளை மணி அடித்ததும் அவள் நேராக அவர் அறைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுங்க டீச்சர். போன வருசமே வந்திருச்சுங்க. இங்க வெச்சாக் களவு போயிரும்னு கரஸ்பாண்டென்ட் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாருங்க. அங்க மாட்டுச் சாளையில நாலு லைட்டு எரியுது. எனக்கு ரெண்டு வருசந்தானுங்க சர்வீஸு இருக்குது. நீங்களும் கண்டுக்காம உட்ருங்க."

அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது அவளுக்குக் கோபத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. ஒரு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். சாமானோ ஒரு மைல் தூரத்தில் மாட்டுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை வெளியே செல்வோர் பதிவேட்டை எடுத்தாள். 'ஒன்பதாம் வகுப்பு, முப்பத்திரண்டு பேர். பாடம்: சூரிய மின்கலம். இடம்: தாளாளர் தோட்டம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, அப்புசாமி ஓடி வருவதற்குள் பிள்ளைகளை வரிசையாக ரோட்டில் இறக்கிவிட்டாள்.

தோட்டத்துக் கேட்டருகே சின்னத்தாயி மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அரிவாளை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மணி, நீங்க சொல்லச் சொல்லக் கேக்காம டீச்சர் உள்ள நொழைஞ்சுட்டாங்கன்னு சொல்லிப்போடுங்க. உங்க மேல பழி வேண்டாம்" என்றாள் ராமாமணி.

"நா எதுக்குங்க டீச்சர் பொய் சொல்லோணும்? எம் புள்ள படிக்கறதுக்கு வந்த சாமான். நாந்தான் தொறந்து உட்டேன்னே சொல்லிக்கறேன்." கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.

மோட்டார் ரூம் கூரையில் இரண்டு தகடுகளும் வெயிலில் நீலமாக மின்னின. சட்டத்தில் பள்ளியின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. யாரோ சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள், போகவில்லை. ராமாமணி பிள்ளைகளோடு கூரைமேல் ஏறி, பாட்டரிக்குப் போன வயரைக் கழற்றி, கொண்டுவந்த மீட்டரை இணைத்தாள். முள் துள்ளி ஏறியது. பிள்ளைகள் கத்தினார்கள்.

"புவனா, தகட்டுல கட்டம் கட்டமாத் தெரியற சில்லுல ஒண்ணை மட்டும் கையால மறை."

புவனா மறைத்தாள். முள் சரசரவென்று கீழே இறங்கியது.

"ஒரு சில்லுக்கா டீச்சர் இவ்வளவு?"

"எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணாக் கோத்திருக்கு கண்ணு. ஒண்ணு நின்னா மத்ததும் நின்னுபோகும். எழுதிக்குங்க."

கீழே கார் வந்து நின்றது. தம்பிதுரை வெள்ளை வேட்டியோடு இறங்கினார்.

"ஏனுங்க டீச்சர், இங்கென்னங்க பண்றீங்க?"

"பாடம் நடத்தறேனுங்க."

"ஆரைக் கேட்டுங்க?"

"பள்ளிக்கூடத்துச் சாமானை வெச்சுப் பாடம் நடத்த ஆரைக் கேக்கோணுங்க?"

"அங்க வெச்சாக் களவு போயிருமுங்க."

"சரிங்க. அப்ப வகுப்பை இங்கயே வெச்சுக்கறேன். நாளைக்கும் வாரோமுங்க." அவள் திரும்பி, "அடுத்த அளவை ஆரு படிக்கறீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

மறுநாள் காலை அவள் மேசையில் மெமோ இருந்தது. அனுமதியின்றி மாணவர்களை வெளியே கூட்டிப்போனதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். 'பாடம் இருந்த இடத்துக்குப் போனேன்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். ஆனால் சின்னத்தாயியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று புவனா வந்து சொன்னாள். மத்தியானம் சாப்பிடாமல் ராமாமணி அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

"கோழிப்பண்ணையில ஆளுக்கு அலையறாங்க டீச்சர், எனக்கு வேலைக்கென்ன?" என்றாள் சின்னத்தாயி. "நீங்க பாதியில உட்டுட்டுப் போனாத்தான் எனக்குக் கோவம் வருமுங்க."

வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனபோது தோட்டத்துக் கேட்டில் புதுப் பூட்டுத் தொங்கியது. ராமாமணி சட்டமிட்ட கரும்பலகையைத் தூக்கிவரச் செய்து, அந்தக் கேட்டிலேயே சாய்த்து வைத்தாள். பிள்ளைகள் ரோட்டோரப் புளியமர நிழலில் உட்கார்ந்தார்கள். தகடு கேட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அதைக் காட்டிக் காட்டியே பாடம் நடந்தது. மூன்று நாள் இப்படி. பஸ் டிரைவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துப் போனார்கள். நான்காம் நாள், கோழிப்பண்ணைக்குக் கிளம்பிய சின்னத்தாயி அங்கேயே நின்றாள். பிள்ளைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவளோடு வந்த பதினைந்து பெண்களும் சோற்றுத் தூக்குப்போசியோடு உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் சத்தம் போடவில்லை. பாடம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

தம்பிதுரையின் கார் வந்து, உள்ளே போக வழியில்லாமல் ரோட்டிலேயே நின்றது. அவர் பெண்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போங்க," என்றார் கடைசியில். "களவு போச்சுன்னா நீங்கதாம் பொறுப்பு."

"எம் பேர்லயே எழுதிக்குங்க."

சனிக்கிழமை ஒரு டெம்போவில் தகடுகள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. ஒரு வருடம் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பாட்டரி, டெம்போவில் ஆடி வந்ததில் அடியோடு செத்துப் போயிருந்தது, ஆய்வுக்கூடத்தில் விளக்கெரியவில்லை. வெயில் இருக்கும்போது ஒரு சின்ன மோட்டாரை ஓட்டிக் காட்டலாம். அதையே ஓட்டினாள்.

மாதக் கடைசியில் அப்புசாமி தயங்கித் தயங்கி வந்தார். "மன்னிப்பு கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா கரஸ்பாண்டென்ட் மெமோவை வாபஸ் வாங்கிக்கறேங்கறாருங்க. இல்லீன்னா பிரமோஷன்ல இடிக்குமுங்க டீச்சர்."

"இடிக்கட்டுங்க சார். பாடம் நடத்துனதுக்கு நா மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு எப்படிங்க பிள்ளைங்க முகத்துல முழிக்கறது?"

மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, எட்டாம் வகுப்பைத் தகடு வைத்திருந்த மொட்டைமாடிக்கு வரச்சொல்லிவிட்டு, அவள் படியேறினாள்.