பெயர் சொல்லாத புண்ணியவான்

ஜீவராணியை நிர்வாகக் குழுவில் சேர்த்தபோது முணுமுணுத்தவன் நான் ஒருவன்தான். பூண்டுலோயாவுக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் திருச்சபை நடத்துகிற சின்னப் பள்ளி அது. நாற்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று டீச்சர்மார், மழை பெய்தால் பாடம் கேட்காத தகரக் கூரை. வேதக்காரப் பிள்ளைகளைவிடச் சைவப் பிள்ளைகள்தான் அதிகம். முப்பத்தோரு வருடம் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற நான்தான் அதற்குப் பொருளாளர். இந்த ஞானமுத்து கிளாக்கர் எழுதிய கணக்கில் எந்தத் தோட்டத் துரையும் ஒரு பிழை கண்டதில்லை. அதைப் பார்க்கக் கொழுந்தெடுக்கிற ஒரு பெண்ணா?

"பெத்தவங்க சார்புல ஒருத்தர் இருக்கணும்னு யாப்புலயே இருக்குங்க ஐயா" என்றார் போதகர் மதுரன். யாப்பு என்கிற அந்த விதித்தொகுப்பை எழுதியவனும் நான்தான்.

முதல் கூட்டத்திலேயே அவள் கணக்குப் புத்தகத்தைக் கேட்டாள். மற்ற ஐந்து பேரும் தேநீரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள். இவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, இதென்ன, மாசா மாசம் 'பெயர் சொல்ல விரும்பாத நன்கொடையாளர்'?"

"ஒரு புண்ணியவான் குடுக்கறாரு. பேர் வேணாங்கறாரு. ஒனக்கென்ன?"

"தை மாசம் பதினெட்டாயிரத்து அறநூத்து நாப்பது. மாசியில பதினேழாயிரத்து எரநூத்துப் பதினஞ்சு. அந்தந்த மாசத்துப் பத்தாக்குறையும் ரூபா பெசகாம அதேதாங்கய்யா. மாசக் கடைசியில கையிருப்பு எப்பவும் பூச்சியம்." அவள் நிமிர்ந்தாள். "நாங்க கொழுந்து நிறுக்கறவங்க. ஒரு நாள் பதினாறு கிலோ வரும், ஒரு நாள் இருவத்தொண்ணு வரும். எல்லா நாளும் சரியா பதினெட்டு கிலோவே காட்டுச்சுன்னா, தராசுல யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

போதகர் கூரையைப் பார்த்தார். அடிப்பாவி, துரைமாருக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குள்ளே குமைந்தேன்.

"என்னைக் கள்ளன்னு சொல்றியா?" என்று கத்தினேன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கள்ளன் இல்லை. அந்தப் புண்ணியவான் நான்தான். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் வந்த உதவி பதினாலு மாதத்துக்கு முன் நின்றுபோனது. இரண்டு வருடம் தொடர்ந்து நட்டம் காட்டும் பள்ளியை மூடிவிடலாம் என்று தலைமைச் சபையில் ஒரு தீர்மானம் உண்டு. மூடினால் அந்த நாற்பத்திரண்டும் லயத்து வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே தலவாக்கலை வங்கியில் போட்டிருந்த, ஓய்வு பெற்றபோது கிடைத்த என் சேமலாபக் காசிலிருந்து மாதம் தவறாமல் எடுத்து ஓட்டையை அடைத்தேன். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. இரண்டரை லட்சம் போய்விட்டது, மிச்சம் இரண்டு மாதத்துக்குத்தான் வரும். அதற்குப் பிறகு என்ன என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து, தலையில் கட்டிய துணியோடு அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கதானே ஐயா?"

பொய் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டினேன். இனிக் கையெடுத்துக் கும்பிடுவாள் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை எதிர்பார்த்தேன். அவளோ அழுதுகொண்டே ஏசினாள்.

"ஏன்யா இப்படிப் பண்ணுனீங்க? போன வருசம் பீஸக் கூட்டலாமான்னு பெத்தவங்க கூட்டத்துல கேட்டாங்க. கணக்குல கொறையே இல்லியேன்னு ஐநூறே போதும்னு கைய தூக்குனோம். நானுந்தான் தூக்குனேன். ஒரு கெழவரு காசுல எம்புள்ள நிஷாந்தி படிக்கிறது தெரியாம தூக்குனேன். நாளைக்கு நீங்க கண்ண மூடுனா அடுத்த மாசமே பள்ளிக்கூடமும் கண்ண மூடிரும். அப்ப நாங்க யார்கிட்டப் போய் நிப்போம்?"

"சொன்னா மூடிருவாங்க, ஜீவராணி."

"சொல்லாட்டியும் மூடத்தான் போறாங்க. என்ன, எங்களுக்குத் தெரியாம மூடுவாங்க."

முப்பத்தோரு வருடத்தில் எந்தத் துரையும் என் கணக்கில் காணாத பிழையை அவள் கண்டுவிட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெற்றோரைக் கூட்டினோம். சைவக்காரர்களும் வந்து பின்வரிசை வாங்குகளில் உட்கார்ந்தார்கள். உண்மையான கணக்கை நானே எழுந்து வாசித்தேன். பதினாலு மாதப் பற்றாக்குறையையும் வாசித்தேன். புண்ணியவான் யார் என்பதையும் கடைசியில் சொன்னேன்.

கடைசி வாங்கிலிருந்து மாயாண்டி எழுந்தான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கோயில் கமிட்டித் தலைவன், வாய்க்காரன்.

"கிளாக்கரய்யா, ஒண்ணு கேக்குறேன். வருசா வருசம் தேர்த் திருவிழாவுக்கு எங்க சம்பளத்துல காசு புடிச்சது யாரு?"

"நான்தான்."

"செத்த வீட்டுக்குப் புடிச்சது?"

"நான்தான்டா. அதுக்கென்ன இப்ப?"

"முப்பது வருசத்துல ஒருத்தனாவது புடிக்காதேன்னு சொல்லியிருக்கானா? சாமிக்குக் குடுப்போம், சாவுக்குக் குடுப்போம், புள்ளைங்க படிப்புக்குக் குடுக்க மாட்டோம்னு நீங்களே எப்புடிங்க முடிவு பண்ணுனீங்க?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சம்பளத் தாளில் அந்தப் பிடிப்புக் காசை வரி வரியாக எழுதிய கை இது. எந்த லயத்தில் எவ்வளவு கஷ்டம் என்று அறிந்தவன், அவர்களுடைய ரோசத்தை மட்டும் அறியவில்லை.

வீட்டுக்கு மாதம் அரை நாள் கூலி என்று அங்கேயே கை தூக்கி முடிவாயிற்று. தூக்காத கை ஒன்றுகூட இல்லை. திருத்திய கணக்கையும் அந்தத் தீர்மானத்தையும் சேர்த்துத் தலைமைச் சபைக்கு அனுப்பினோம். ஐந்து வாரம் எனக்குத் தூக்கமில்லை. பிறகு பதில் வந்தது: ஒரு வருடம் நடத்திப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புங்கள். போதகர் அதைக் குழுக் கூட்டத்தில் இரண்டு தரம் வாசித்தார்.

அதே கூட்டத்தில் ஜீவராணி இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தாள். நல்ல மனதோடு எழுதினாலும் பொய்க் கணக்கு பொய்க் கணக்குத்தான். பொருளாளரை மாற்ற வேண்டும். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தே சொன்னாள், கண்ணில் தண்ணீர் நின்றது. முதல் கையும் அவளுடையதுதான். கோபம் தலைக்கேறியது உண்மை. ஆனால் பொய்க் கணக்கு எழுதியவன் விலக வேண்டும் என்று நான் எழுதிய யாப்பிலேயே இருக்கிறது. அடுத்த கையைத் தூக்கியவன் நான். அவளையே பொருளாளராக முன்மொழிந்தவனும் நான்தான்.

கூலிக்காசு சேர்ந்த முதல் மாதக் கூட்டம்; குழு உறுப்பினராக நானும் இருந்தேன். ஜீவராணி விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். வரவு, செலவு, டீச்சர்மார் சம்பளம் முழுவதும் கொடுத்தாயிற்று.

"இந்த மாசப் பத்தாக்குறை நானூத்தி முப்பத்தஞ்சு ரூபா. அடுத்த மாசக் கணக்குல கொண்டு போறோம்."

வெறும் நானூற்று முப்பத்தைந்து. சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை, என் வலது கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று.

அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"கிளாக்கரய்யா, கைய வெளிய எடுங்க."

எடுத்தேன். வெறுங்கையாகத்தான்.